ஊட்டி டு அவலாஞ்சி: இறங்கி ஏறணும்!

மலைல சைக்கிள்னா முதல்ல ஏறணும், அப்புறம் ஜாலியா இறங்கணும், அதானே வழக்கம்? அவலாஞ்சி ரூட்டு அப்படியே தலைகீழ். ஊட்டி 2240 மீட்டர்ல இருக்கு, நாங்க போற எமரால்டு, அவலாஞ்சி ஏரிங்க ரெண்டும் அதுக்குக் கீழ பள்ளத்துல. காலைல தெம்பா இருக்கும்போது இறக்கம், கால் துவண்டு போனப்பறம்தான் ஏத்தம்.

ஃபெர்ன்ஹில் தாண்டி முத்தோரை பாலாடா வரைக்கும் ரெண்டு பக்கமும் கேரட்டு, உருளைக்கிழங்கு தோட்டம். எமரால்டு வர்றதுக்கு முன்னாடி தார் ரோட்ட விட்டுட்டு டீ தோட்டத்து மண் பாதைல இறங்கிட்டோம், இங்கதான் எம்டிபிக்கு, அதான் மவுண்டன் பைக்குக்கு, வேலையே. முந்தின நாள் ராத்திரி மழை வேற, செம்மண்ணு டயர்ல அப்பி அப்பி முன் சக்கரத்தப் புடிச்சிருக்கற ஃபோர்க்குக்கு நடுவுல அடைச்சுகிட்டு வீலே சுத்தல, கவாத்து பண்ணிப் போட்டிருந்த டீ குச்சியால குத்திக் குத்தி எடுத்துட்டுதான் நகர முடிஞ்சுது. டயர்ல காத்தக் கொஞ்சம் இறக்கி, உடம்ப சீட்டுக்குப் பின்னாடி தள்ளி, ரெண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் புடிச்சாதான் அந்த சரிவுல சைக்கிள் நம்ம பேச்சக் கேக்கும்.

வளைவு திரும்பினா ஏரி! எமரால்டு, அவலாஞ்சி ரெண்டுமே டேம் தண்ணி, குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கட்டினது, 1950கள்ல கனடா உதவியோட ஆரம்பிச்ச வேலை. அந்தக் குளிர்லயும் மழைலயும் மலையக் குடைஞ்சு சுரங்கம் போட்ட தொழிலாளிங்கள நெனச்சா எனக்கு நிஜமாவே மலைப்பா இருக்கு, கரைல நிக்கிற டூரிஸ்ட்டுல பாதிப் பேருக்கு இது தெரியாதுங்கறது வருத்தம்தான். மழைன்னதும் ஞாபகம் வருது, 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. ஜூன்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் இந்தப் பக்கம் சைக்கிள எடுத்துட்டு வராதீங்க, ப்ளீஸ்.

அவலாஞ்சில ஃபாரஸ்ட் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட் வண்டிலதான் போக முடியும், சோலைக்காடு தப்பிச்சுக் கெடக்கறதே அதனாலதான், எனக்கு அதுல முழு சம்மதம்.

திரும்பி வர்ற ஏத்தம் இருக்கே, இருக்கறதுலயே சின்ன கியர் போட்டும் நடக்கற வேகம்தான். இந்த உயரத்துல மூச்சு சீக்கிரமே வாங்குது, நின்னா வேர்வை குளிர்ந்து உடம்பு வெடவெடங்குது, அதனால மெதுவா ஆனா நிக்காம மிதிக்கறதுதான் ஒரே வழி. கடலைமிட்டாய், ஜெர்கின், லைட்டு இது மூணும் கண்டிப்பா வேணும், பனி எறங்கிட்டா எதிர்ல வர்ற பஸ்ஸே பக்கத்துல வந்தாதான் தெரியுது.

அடுத்து மஞ்சூர் வழியா கெத்தை, 43 கொண்டை ஊசி வளைவு. செக்போஸ்ட்ல சைக்கிள விடுறாங்களான்னு விசாரிச்சுட்டுக் கெளம்பறோம், வர்றவங்க சொல்லுங்க.