வலப்பக்கம் சாயும் சகரம்

நவம்பர் 9, ஞாயிறு

புதிய ஹெட்ஃபோனின் பெட்டியைப் பிரித்து ஐந்து மணி நேரம் ஆகிறது. எடை 330 கிராம் என்று தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். அணிந்த பத்தாவது நிமிடத்தில் தலையில் ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிற்று. என் பழைய ஹெட்ஃபோனான எச்டி 650 கன்னத்தை இறுக்கிப் பிடித்து நிற்கும். இந்த எச்டி 800 எஸ் காதைத் தொடுவதே இல்லை. காதைச் சுற்றி ஒரு சிறிய அறையைக் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தால், ஒலியெழுப்பும் சவ்வு காதுக்கு நேர் எதிரே இல்லாமல் சற்று முன்னால் தள்ளிச் சாய்வாக அமர்ந்திருப்பது தெரிகிறது. 56 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தச் சவ்வு முழுத் தட்டு அன்று, நடுவில் துளை விட்ட வளையம்.

முதலில் வெறும் தம்புராவை மட்டும் கேட்டேன். நான்கு கம்பிகள் என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் நான்காவது கம்பி மீட்டப்படும்போது முதல் கம்பியின் ரீங்காரம் இன்னும் அணையாமல் அதன் பின்னால் நிற்பதை இன்றுதான் தனியாகக் கேட்டேன். அதன்பின் ஒரு பாடகியின் குரலைக் கேட்டேன். அறை விரிந்தது, மூச்சு கேட்டது, எல்லாம் சரி. ஆனால் குரல் நடுவில் இல்லை. மூக்குக்கு நேராக நிற்கவேண்டியது ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்ந்து நிற்கிறது.

இரவு வெகுநேரமாகிவிட்டது. ஒலியளவையும் மிகக் குறைத்து வைத்திருந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

இன்றும் இடப்பக்கம்தான்.

நவம்பர் 12, புதன்

ஹெட்ஃபோனை இயக்கும் புதிய ஆம்ப்ளிஃபயரைப் பற்றி இன்னும் ஒரு சொல்கூட எழுதவில்லை. முன்பலகையில் ஒரு குமிழ், கெயினை, அதாவது பெருக்கும் மடங்கை, கூட்டிக் குறைக்க ஒரு விசை, 6.3 மில்லிமீட்டர் துளை ஒன்று, நான்கு முள் பேலன்ஸ்டு துளை ஒன்று. வேறு அலங்காரம் எதுவும் இல்லை. இத்தனை வாட், அத்தனை வாட் என்று பெருமை பேசும் கருவி இது. 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு அந்தப் பெருமையால் என்ன பயன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 ஓமுக்கு 1 வோல்ட் கொடுத்தால் செலவாவது ஏறத்தாழ 3.3 மில்லிவாட். நான் கேட்கும் அளவுக்கு அந்த 1 வோல்ட்டே மிகுதி. இதற்கு வேண்டியது அமைதியான வோல்ட்டேஜ். லாரி இழுக்கும் வலு அன்று.

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 120 ஓம். புதியதில் அது 1 ஓமுக்கும் கீழே. எச்டி 650-இன் இம்பீடன்ஸ் எல்லா அலைவரிசையிலும் 300 ஓமாகவே இருப்பதில்லை. 100 ஹெர்ட்ஸையொட்டி மேடுபோல உயர்கிறது. ஆம்ப்ளிஃபயரிலேயே 120 ஓம் இருந்தால் வோல்ட்டேஜ் பங்கிடப்படும்போது அந்த மேட்டுக்குக் கூடுதல் பங்கு கிடைக்கும். அதாவது கீழ்சுரம் ஏறத்தாழ ஒரு டெசிபெல் ஊதிக்கொள்ளும். இத்தனை ஆண்டுகளாக நான் "வால்வின் கதகதப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு இந்தப் பங்கீட்டுக் கணக்குதான் போலும். இன்று பழைய எச்டி 650-ஐயே புதிய ஆம்ப்ளிஃபயரில் செருகிக் கேட்டேன். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், மெலிந்துவிட்டதுபோலத் தோன்றியது. அரைமணி நேரம் கழித்து, மெலியவில்லை, முன்பு வீங்கியிருந்தது என்று தோன்றியது. இரண்டாவது எண்ணத்தை நம்புவதா, அல்லது செலவழித்தவன் தேடும் சமாதானம் என்று தள்ளுவதா என்று முடிவு செய்யாமலே எழுந்துவிட்டேன்.

குரல் இதிலும் இடப்பக்கம். ஆகவே ஹெட்ஃபோனின் குற்றம் அன்று.

நவம்பர் 13, வியாழன்

நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் புதிய ஹெட்ஃபோன் "பழகும்" என்கிறார்கள். மெத்தை அமுங்குவது உண்மை; அமுங்கினால் சவ்வுக்கும் காதுக்குமுள்ள தூரம் குறையும், ஒலியும் மாறும். மற்றபடி பழகுவது கேட்பவன்தான் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 15, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

சந்தேகம் குமிழின் மேல் விழுந்தது. ஒலியளவைக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர் உண்மையில் ஒரே அச்சில் கோத்த இரண்டு தடங்கள், இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. நடுப்பகுதியில் இரண்டும் கைகோத்து நடக்கும். தொடக்கத்தில், அதாவது குமிழைச் சற்றே திறந்த நிலையில், ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இதை அளந்து பார்ப்பதற்காக 60 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டேன். சாதாரண மல்டிமீட்டர் உயர்ந்த அலைவரிசையில் பொய் சொல்லும், 60-இல் நம்பலாம். 6.3 மில்லிமீட்டர் பிளக்கின் நுனி இடம், நடு வளையம் வலம், அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. மீட்டரின் முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் ஆம்ப்ளிஃபயருக்கு ஆபத்து என்பதால், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்தேன். கடிகார முள் எட்டு மணியில் நிற்பதுபோலக் குமிழ் இருந்தபோது இடப்பக்கம் 11.0 மில்லிவோல்ட், வலப்பக்கம் 9.2. வேறுபாடு ஒன்றரை டெசிபெல். குரல் ஒரு விரற்கடை நகர இது தாராளம்.

பிறகு கெயினைக் குறைத்துக் குமிழைப் பன்னிரண்டு மணிக்கு ஏற்றினேன். இடம் 142, வலம் 141. சொல்லத் தகுந்த வேறுபாடு இல்லை.

இனி இரவில் கேட்கும்போதும் கெயினைக் குறைத்து, கணினியிலேயே ஒலியளவைத் தாழ்த்திவிட்டு, குமிழை நடுவில் நிறுத்திக்கொண்டால் போதும். ஆறு நாள் கவலை ஒரு விசையில் தீர்ந்தது. ஒரு வாரம் தூங்காமல் இருந்தது இதற்காகவா என்று சிரிப்பு வந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று நான்கு மணி நேரம். குரல் மூக்குக்கு நேராக வந்து நின்றுவிட்டது, தாளம் போடும் கை எந்தத் தொடையில் விழுகிறது என்பதுகூடத் தெரியும்போல இருக்கிறது. ஒரு பியானோப் பதிவில், விசையை விட்டபின் தணிப்பான் கம்பியில் வந்து படியும் மெல்லிய "பொத்" ஒலியை எண்ணிக்கொண்டே இருந்தேன். டபுள் பாஸின் வில் கம்பியைப் பற்றும் முன்னுள்ள அரை நொடி உராய்வு, பழைய எச்டி 650-இல் போர்வைக்குள் இருந்தது, இதில் வெளியே வந்து நிற்கிறது. 2009-இல் வந்த முதல் எச்டி 800-இல் 6 கிலோஹெர்ட்ஸையொட்டி ஒரு கூர்மை உண்டு என்பது கேட்டவர்கள் அனைவரும் சொன்னது; 2016-இல் வந்த இந்த எஸ் வடிவத்தில், வளையத்தின் நடுத்துளையில் ஒலி உறிஞ்சி வைத்து அதை அடக்கியிருக்கிறார்கள். அடக்கியிருக்கிறார்கள், ஒழிக்கவில்லை. மோசமாகப் பதிவான தாளக்கருவிகளை இது மன்னிப்பதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஒன்று மட்டும். பாடகியின் குரலில் ஆகாரமும் ஓகாரமும் நடுவில் நிற்கின்றன. சகரம் வரும்போது மட்டும் அந்த ஓசை வலப்பக்கம் தெறிக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

ச, ஸ, ஷ. மூன்றும்.

நவம்பர் 19, புதன்

சகரம் என்பது பெரும்பாலும் காற்றின் உரசல். அதன் வலிமை 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. உயிரோசைகளின் வலிமையோ அதற்கு வெகு கீழே. லார்ட் ரேலீ 1907-இலேயே எழுதியதுதான் இது: தாழ்ந்த ஓசைகள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்பதை, அவை இரு காதுகளையும் அடைவதிலுள்ள நேர வேறுபாட்டால் அறிகிறோம், உயர்ந்த ஓசைகளின் பக்கத்தை, இரு காதுகளிலும் கேட்கும் வலிமையின் வேறுபாட்டால் அறிகிறோம். ஆகவே 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் ஒரு பக்கம் வலிமை குறைந்தால் ஆகாரம் அசையாது, சகரம் மட்டும் நகரும். குமிழின் பிழையோ எல்லாவற்றையும் சேர்த்து இடப்பக்கம் தள்ளியது. இரண்டும் எதிரெதிர்த் திசை. அதனால்தான் முதல் வாரம் சகரத்தின் சாய்வு கண்ணில் படாமல் இருந்தது. ஒரு பிழை இன்னொரு பிழைக்கு முட்டுக்கொடுத்து நின்றிருக்கிறது.

60 ஹெர்ட்ஸில் அளந்தேனே, 6000-இல் அளந்தேனா?

நவம்பர் 21, வெள்ளி

ஹெட்ஃபோனை இடம் வலமாகத் திருப்பி மாட்டினேன். முன்னால் இருக்கவேண்டிய சவ்வு காதுக்குப் பின்னால் போய்விடும், ஓசை கெடும், ஆனால் இரு பக்கமும் ஒரே அளவில் கெடும். பதிவிலோ ஆம்ப்ளிஃபயரிலோ ஹெட்ஃபோனிலோ கோளாறு இருந்தால் சகரம் இப்போது இடப்பக்கம் தாவியிருக்கவேண்டும்.

தாவவில்லை.

எச்டி 650-ஐ எடுத்து அதே சோதனையைச் செய்தேன். அதன் மேல்சுரம் மென்மையானது என்பதால் சாய்வு சிறிது. ஆனால் இருக்கிறது, அதே பக்கம். பதினொரு ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் கருவி அது.

நவம்பர் 23, ஞாயிறு

என் விருப்பமே என்னை ஏமாற்றலாம் என்பதால் மகளை உட்கார வைத்தேன். எச்டி 800 எஸ்-ஐத் திருப்பி வைத்தால் மெத்தையின் வடிவமே காட்டிக்கொடுத்துவிடும்; எச்டி 650 முன்பின் ஒரே மாதிரி இருப்பதால் அதை எடுத்துக்கொண்டோம். நான் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். அவள் காசைச் சுண்டி, பூ விழுந்தால் நேராகவும் தலை விழுந்தால் திருப்பியும் என் தலையில் வைக்கவேண்டும். ஒரே சொல்லை மோனோவில், அதாவது இரு காதுக்கும் ஒரே ஒலியாக, ஒலிக்கவிட்டு, சகரம் எந்தப் பக்கம் என்று நான் சொல்வதைத் தாளில் குறிக்கவேண்டும். பத்து முறை. நான்காவது முறை, அவள் கை காதில் பட்டபோது குளிர்ந்திருந்தது. ஏழாவது முறை, வேண்டுமென்றே "இடம்" என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

தாளை நீட்டினாள். நேர், திருப்பம், திருப்பம், நேர் என்று அவள் பத்தியில் கலந்து கிடந்தது. என் பத்தியில் மேலிருந்து கீழ்வரை வலம், வலம், வலம்.

"அப்பா, அப்படியென்றால் ஹெட்ஃபோன் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா?" என்றாள்.

ஆம் என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

கேட்கவில்லை. எதையும். செவிச் சோதனைக்கு 27-ஆம் தேதி காலை பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நவம்பர் 27, வியாழன்

ஒலி புகாத சிறிய அறை. மூடிய கிண்ணங்கள் கொண்ட, தலையை நெருக்கும் ஒரு ஹெட்ஃபோன். விரிவு இல்லை, ஆழம் இல்லை, இசையும் இல்லை. 250-இலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை தனித்தனி "பீப்" ஒலிகள், கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். என் வாழ்நாளில் இத்தனை கவனத்தோடு எந்த ஹெட்ஃபோனையும் நான் கேட்டதில்லை. இடக்காதில் ஓர் இடத்தில் நெடுநேரம் அமைதி நிலவியது. அங்கே ஒலி ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்குத்தான் வரவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. கேட்காத ஒலிக்குப் பொத்தானை அழுத்தத் துடித்த கட்டைவிரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

முடிவுத் தாளில் வலக்காதுக்குச் சிவப்பு வட்டம், இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறி. 2000 வரை இரண்டும் ஒட்டியே போகின்றன. 4000-இல் வட்டம் 20 டெசிபெலில் நிற்க, பெருக்கல் குறி 45-இல் விழுந்து கிடக்கிறது. 8000-இல் சற்று மேலேறுகிறது. இந்த வடிவத்தைப் பார்த்ததும், பேரோசையில் வேலை செய்ததுண்டா, அது இடப்பக்கமாக இருந்ததா என்று கேட்டார்கள்.

அச்சகத்தில் எந்திரம் எப்போதும் என் இடப்பக்கம் இருந்தது.

நவம்பர் 28, வெள்ளி

85 டெசிபெல் என்றால் நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபெல்லில் ஒரு மணி நேரம்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் இனி பொருளில்லை என்று தெரிந்தே இரண்டு முறை போட்டேன்.

என்னை அரிப்பது வேறு. எச்டி 650-இன் மேல்சுரம் "இதமானது" என்று பதினொரு ஆண்டுகளாக நண்பர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். எத்தனையோ ஹெட்ஃபோன்களை "கூர்மை" என்று தள்ளியும் "மந்தம்" என்று ஒதுக்கியும் இருக்கிறேன். 4 கிலோஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்த ஒரு காதையும் விழாத ஒரு காதையும் வைத்துக்கொண்டு சொன்னவை அவையெல்லாம். 16-ஆம் தேதி மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். பியானோவின் "பொத்" ஒலி எந்தக் காதில் கேட்டது என்று எழுதியிருக்கலாம்.

எழுதியதை அடிக்கப்போவதில்லை.

நவம்பர் 29, சனி

கணினியில், அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திறந்து, இடப்பக்கம் மட்டும், 4 கிலோஹெர்ட்ஸையொட்டி உயர்த்திப் பார்த்தேன். தாளில் வேறுபாடு 25 டெசிபெல். ஆனால் 6 உயர்த்தியபோதே சகரம் நடுவைத் தாண்டி இடப்பக்கம் பாய்ந்துவிட்டது. பழுதான உட்செவியில் ஒலி கூடுதல் வலிமையில்தான் கேட்கத் தொடங்கும், தொடங்கிவிட்டால் விரைந்து உரத்துவிடும். ஆகவே தாளிலுள்ள பள்ளத்தை அப்படியே நிரப்பக்கூடாது. 4-க்கு இறக்கினேன். சகரம் நடுவுக்கு வந்தது. பாடகி முழுதாக ஓரிடத்தில் நின்று பாடினாள், எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகோ தெரியவில்லை.

உடனே தம்புராவைப் போட்டேன். ரீங்காரத்தில் தகரத்தின் ஓசை கலந்திருந்தது. குரலுக்குச் சரியானது தம்புராவுக்குப் பொருந்தவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

3 டெசிபெல். தம்புரா பரவாயில்லை, சகரம் ஒரு நூலளவு வலப்பக்கம். குமிழ் பன்னிரண்டு மணியில் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துக்கொண்டேன்.