ஓத அட்டவணை சொல்லாத நேரம்

தூண்டில் போடுகிற பலரும் கைபேசியில் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியலைத் திறந்து, ஏற்றம் எத்தனை மணிக்கு உச்சம் என்று பார்த்துவிட்டு, சரியாக அந்த நேரத்துக்குக் கரையில் போய் நிற்கிறார்கள். அட்டவணையில் தப்பு இல்லை. ஆனால் அது சொல்வது தண்ணீரின் உயரத்தை. மீனுக்கு வேண்டியது ஓட்டம். தண்ணீர் நகர்ந்தால்தான் பொடிமீனும் இறால் குஞ்சும் இழுபட்டு வரும், அவற்றை மடக்கப் பெரிய மீன் மணல் திட்டின் ஓரத்திலோ பாறைக்குப் பின்பக்கமோ வந்து காத்துக் கிடக்கும். ஓட்டம் நின்றால் கடியும் பெரும்பாலும் நின்றுவிடும்.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிலவு இழுக்கிறது, சூரியனும் இழுக்கிறது, சூரியனின் பங்கு நிலவினுடையதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசை, பௌர்ணமியில் இரண்டும் ஒரே கோட்டில் வருவதால் ஏற்றமும் பெரிது, வற்றமும் ஆழம். அஷ்டமியை ஒட்டி இரண்டுமே சுருங்கிவிடும். ஆனால் பெரிய ஓதம் அமாவாசையன்றே வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், பல கரைகளில் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் இன்றைக்கு நீர் ஏறிய நேரம் நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தாய்லாந்து வளைகுடாவின் சில பகுதிகளில் நாளுக்கு ஒரே ஓர் ஏற்றம்தான்.

நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை, இதைத்தான் மனதில் பதிய வைக்க வேண்டும். மாலுமிகளிடம் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், ஆறு மணி நேரத்தில் வரிசையாக 1, 2, 3, 3, 2, 1 பங்கு ஏறும். ஏற்ற வற்றத்துக்கு இடையே 1.2 மீட்டர் வித்தியாசம் என்றால் முதல் ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர்தான், மூன்றாவது மணியிலும் நான்காவது மணியிலும் 30 சென்டிமீட்டர் வீதம். தோராயமான கணக்குதான், எல்லாக் கரைக்கும் அப்படியே ஒத்துவராது. ஆனாலும் திறந்த கரையில் நடு இரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டு உச்சத்துக்குப் போய் நிற்பது, பந்தி முடிந்த பிறகு இலை போட உட்காருவது மாதிரி.

முகத்துவாரத்தில் கதையே வேறு. கரையில் நீர்மட்டம் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்த பிறகும், குறுகலான வாயில் ஓட்டம் உள்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம், சில இடங்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். உள்ளே இருக்கும் பரப்பு நிரம்ப அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அதனால் ஓட்டம் திரும்பும் நேரத்தை நேரில் பார்த்துத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். பாலத் தூணைப் பாருங்கள், நுரையும் குப்பையும் எந்தப் பக்கம் வால் பிடிக்கிறதோ ஓட்டம் அந்தப் பக்கம். அப்புறம் உங்கள் தூண்டில் நரம்பையே பாருங்கள். ஆற்று நீர் லேசானது, மேலே வெளியே போகும். கனமான உப்புநீர் அதே நேரத்தில் அடியில் உள்ளே நுழையும். அப்போது நரம்பின் மேல்பகுதி கடல் பக்கம் வளைந்திருக்கும், ஈயக் குண்டோ ஆற்றுப் பக்கம் உருண்டுகொண்டிருக்கும். மேலே மிதக்கும் இலையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

பெரிய ஓதம் என்றால் பெரிய மீன் என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஓட்டம் மிஞ்சினால் தண்ணீர் கலங்கும், பாசி வந்து நரம்பில் சுற்றும், எவ்வளவு கனமான குண்டு போட்டாலும் இரை ஓர் இடத்தில் நிற்காது. அஷ்டமி கழிந்து ஓதம் வளர்ந்துகொண்டு வரும் நாட்கள்தான் என் விருப்பம்.

காற்றையும் மறக்கக் கூடாது. கரை நோக்கிப் பலமாக அடித்தால் நீர் அட்டவணையைத் தாண்டி ஏறும். காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும், புயல் சின்னம் இருக்கிற நாளில் இது சின்ன விஷயம் இல்லை.

திட்டில் நின்று பிடிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏற்றத்தில் பெரும்பாலும் முதலில் நிரம்புவது காலடி இல்லை, முதுகுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம். நீர் திரும்பியதுமே கிளம்பிவிடுங்கள், மூன்றாவது மணி வரை போகவிடாதீர்கள். வரிசையாக அலை உடையும் இடத்தில் ஒரு பகுதி மட்டும் உடையாமல் கருத்துத் தெரிந்தால் அது பெரும்பாலும் வெளியே இழுக்கும் ஓட்டம், அங்கே இறங்கவே கூடாது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அதை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள்.