ஈட்டன்ஸின் கோடை உடுப்புகள்

டொரோண்டோவில் ஈட்டன் சென்டர் என்ற வணிக வளாகம் இருக்கிறது; கனடாவின் பெரிய பல்பொருள் கடையான ஈட்டன்ஸ்தான் இல்லை, 1999இல் திவாலாகிவிட்டது. நான் அதன் பழைய கேட்டலாக்குகளைப் புரட்டுகிற பைத்தியம். 1884 முதல் 1976 வரை வந்தவை. எனக்குப் பிடித்தவை 1920களின் வசந்த, கோடை இதழ்கள்: காதுவரை இறங்கும் மணி வடிவத் தொப்பி, இடுப்புக்குக் கீழே பட்டி வைத்த நேர்கவுன். அந்தக் கவுன் யாருக்கும் எடுப்பாக இருந்திருக்காது, ஆனாலும் ஆசையாக இருக்கிறது. வெளியே பனி உருகும் முன்பே பண்ணைவீட்டுப் பெண்கள் கோடைக்குத் துணி தேர்ந்தெடுத்து, அளவெழுதித் தபாலில் அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால் பணம் வாபஸ். ஆன்லைன் கடைகள் இதையே புதுசு மாதிரி சொல்கின்றன! அப்புறம், காலாவதியான கேட்டலாக்கைப் பையன்கள் ஐஸ் ஹாக்கி ஆடும்போது அடிபடாமல் இருக்கக் காலில் கட்டிக்கொள்வார்களாம். தொப்பிப் பக்கங்களும் அதோடு போயிருக்கும், பாவிகள்.