நாற்பதிலேயே நின்ற எண்

2021 நவம்பர், அடைமழைக் காலம். கோரையாறு முத்துப்பேட்டைப் பக்கம் கடலைத் தேடிப் போகும் வழியில், கடைமடை ஊர் ஒன்றில் எங்கள் கருவிகளை நட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் விடியற்காலையில் அந்த ஊர் அக்கா ஒருவர் போன் செய்தார். ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது அவருக்கு.

"தம்பி, ராத்திரி பூரா உங்க ஆப்புல நாப்பதுன்னே காட்டுச்சு. அதை நம்பித்தான் படுத்தேன். இப்ப வந்து பாத்தா வரப்பே தெரியலை."

நாற்பது என்றால் வடிகால் வாய்க்காலில் தண்ணீர் நிற்கும் உயரம், சென்டிமீட்டர் கணக்கில். டெல்டாவின் கீழ்க்கோடியில் நிலம் தட்டுப்போலச் சமமாகக் கிடக்கிறது. ஆடியில் தண்ணீர் வரவில்லையே என்று தவிக்கிற அதே வயலில், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் வடிய வழியிருக்காது. வடிகால் நிறைந்துவிட்டால் வெளியேற வேண்டிய தண்ணீர் திரும்பி வயலுக்குள் ஏறும். முன்கூட்டியே தெரிந்தால் வயலுக்குத் தண்ணீர் போய்வரும் வாமடையை அடைத்துவிட்டு, டீசல் இன்ஜின் வைத்து இறைத்துப் பயிரைக் காப்பாற்றலாம். அந்த முன்தகவலைத் தருவதற்காகவே எங்கள் கருவிகள் அங்கே இருந்தன.

மதகுகளிலும் வடிகால்களிலுமாகப் பத்தொன்பது நோடுகள், அதாவது தண்ணீர் உயரத்தை அளந்து அனுப்பும் சிறு கருவிகள். உரிமம் தேவைப்படாத 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒன்றின் செய்தியை அடுத்தது வாங்கிக் கடத்தி, ஒரு மாடிவீட்டில் இருந்த கேட்வே வரை, அதாவது எல்லாச் செய்திகளும் வந்து சேரும் பெட்டி வரை, கொண்டுபோகும். அங்கிருந்து ஊர்க்காரர்களின் போனுக்கு. நோடும் கேட்வேயும் பேசிக்கொள்வது கோஆப் (CoAP) என்ற, சிறு கருவிகளுக்கான நெறிமுறையில். அதில் அப்சர்வ் என்று ஒரு வசதி உண்டு. 2015-இல் ஆர்எஃப்சி 7641 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளியானது. "தண்ணீர் எவ்வளவு?" என்று கேட்வே அடிக்கடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஒருமுறை சந்தா கட்டிவிட்டால் போதும், அளவு மாறும்போது நோடே அறிவிப்பு அனுப்பும். சந்தா கட்டும்போது கேட்வே ஒரு டோக்கனைக் கொடுக்கிறது. பிறகு வரும் ஒவ்வொரு அறிவிப்பிலும் அதே டோக்கன் இருக்கும். எந்தச் சந்தாவுக்கு வந்த செய்தி இது என்பதைக் கேட்வே அதை வைத்துத்தான் அடையாளம் காணும்.

அன்று மோட்டார் கொட்டகையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பதிவுகளைப் படித்தபோது நடந்தது புரிந்தது. முந்தைய இரவு கரண்ட் போயிருக்கிறது. கேட்வேயின் பேட்டரி சிறிது நேரம் தாங்கி, பிறகு அதுவும் அணைந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் கேட்வே தானாகவே எழுந்துகொண்டது. யார் யாரிடம் சந்தா கட்டியிருக்கிறோம் என்ற பட்டியல் அழியாத நினைவகத்தில் இருந்தது. அதைப் பார்த்து, "பத்தொன்பதும் சரி" என்று திருப்தியடைந்துவிட்டது. டோக்கன்கள் மட்டும் கரண்டோடு போகும் நினைவகத்தில் இருந்தன. வடிகால் நோடு அடுத்த அறிவிப்பை அனுப்புகிறது: தண்ணீர் ஏறுகிறது. தெரியாத டோக்கனோடு வந்த செய்தி என்பதால் கேட்வே அதை ரீசெட் செய்தியால் மறுத்துவிடுகிறது. ரீசெட் வந்தால் அந்தச் சந்தாதாரரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்பது விதி. நோடு நீக்கிவிட்டது.

அதன் பிறகு இரண்டு பக்கமும் நிம்மதி. சந்தா இருக்கிறது, அளவு மாறவில்லை என்று கேட்வே காத்திருந்தது. கேட்பார் யாருமில்லை என்று நோடு பேசாமல் இருந்தது. கடைசியாக வந்த நாற்பது திரையில் நின்றது. வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

இதைத் தடுக்க நெறிமுறையிலேயே வழி இருந்தது என்பதுதான் என்னை அதிகம் வதைத்தது. ஒவ்வொரு அறிவிப்போடும் மேக்ஸ்-ஏஜ் என்று ஓர் ஆயுள் போகிறது. எதுவும் குறிப்பிடாவிட்டால் 60 வினாடி. அது தீர்ந்தும் புதிய செய்தி வராவிட்டால், கேட்வே மறுபடி சந்தா கட்டிக்கொள்ளலாம். நான் அதை 86,400 வினாடியாக, அதாவது ஒரு முழு நாளாக வைத்திருந்தேன். பேட்டரியை மிச்சப்படுத்த. 24 மணி நேரத்தில் ஒரு தடவையாவது, ஒப்புகை கேட்கும் அறிவிப்பை அனுப்பிச் சந்தாதாரர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என ஆர்எஃப்சி சொல்கிறது. அது கடைசி எல்லை. நான் அதையே அளவாக எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணை வேறு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே தட்டச்சு செய்தது.

அக்காவின் வயலில் தாழ்ந்த பகுதியில் பயிர் மிஞ்சவில்லை. பக்கத்து வயல்காரரிடம் மிச்சமிருந்த நாற்றை வாங்கி மறுபடி நட்டார்.

அதே மழையில் இன்னொன்றும் தெரிந்தது. மழைத்துளி 865 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. நனைந்து கனத்த தென்னை மட்டைகளும், ஆன்டெனா இணைப்பில் ஏறிய ஈரமும், காற்றில் ஆடும் கம்பமும் தடுக்கும். ஒப்புகை கேட்டு அனுப்பிய அறிவிப்புக்குப் பதில் வராவிட்டால் நோடு இரண்டு மூன்று வினாடி பொறுத்து மறுபடி அனுப்பும். ஒவ்வொரு முறையும் காத்திருப்பை இரட்டிப்பாக்கி, இப்படி நான்கு தடவை. எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 93 வினாடி. அதற்குள் பதில் இல்லையென்றால் சந்தாதாரர் போய்விட்டார் என்று முடிவுகட்டிவிடும். புயல்காற்றில் ஒன்றரை நிமிடம் தொடர்பு அறுவது சாதாரணம். செய்தி மிகவும் தேவைப்படுகிற நேரம் பார்த்துத்தான் பட்டியல் காலியாகிறது. அறையில், மேசைமேல் இரண்டு நோடுகளை வைத்துச் சோதித்தபோது இது ஒரு தடவைகூட நடந்ததில்லை.

என் சிறுவயதில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். இரவு முறை என்றால் அப்பா தலைப்பு மதகில் நிற்பார், சித்தப்பா கடைமடையில். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் சித்தப்பா அவ்வப்போது டார்ச்சை அசைத்துக் காட்ட வேண்டும். ரொம்ப நேரம் வெளிச்சம் தெரியாவிட்டால் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தக் கரையில் உட்கார்ந்து வளர்ந்தவன் நான்.

மேக்ஸ்-ஏஜை 900 வினாடிக்குக் குறைத்தோம். அளவு மாறாவிட்டாலும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நோடு "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். வராவிட்டால் கேட்வே இன்னும் 5 முதல் 15 வினாடிக்குள் ஏதோ ஒரு நேரம் பொறுத்து மறுபடி சந்தா கட்டும். கிடைக்கிற வரை விடாது. அந்தச் சில வினாடி வித்தியாசம் முக்கியம். கேட்வே எழுந்தவுடன் பத்தொன்பது நோடுகளையும் ஒரே மூச்சில் கூப்பிட்டால், ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒரு தடவை அனுப்பும் துண்டுக்கு, 127 பைட் மட்டுமே கொள்ளும் அந்த ஒடுங்கிய பாதையில் ஒன்றோடொன்று மோதி எதுவும் போய்ச் சேராது. இங்கேயும் முறை வைக்கத்தான் வேண்டியிருந்தது. காற்றில் எழும் சிற்றலைக்கெல்லாம் அறிவிப்பு போகாதபடி சிறு மாற்றங்களை விழுங்கச் செய்தோம். பேட்டரியைப் பெரிதாக்கினோம், செலவு கூடியது, எனக்கு அதில் வருத்தமில்லை.

2022-இல் வீட்டுக் கருவிகளுக்கான மேட்டர் (Matter) நெறிமுறை வந்தபோது முதலில் அதன் சந்தாப் பகுதியைத்தான் படித்தேன். சந்தா கட்டும்போதே அதிகபட்ச இடைவெளி எவ்வளவு என்று இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்கின்றன. சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் அந்த இடைவெளி தீருமுன் வெற்று அறிக்கை ஒன்று போக வேண்டும். வராவிட்டால் சந்தா முறிந்ததாகவே கணக்கு. இதை உருவாக்குபவரின் விருப்பத்துக்கு விடாமல் உடன்பாட்டிலேயே வைத்தது சரியான முடிவு என்று நினைக்கிறேன். என் கையில் விட்டபோது நான் என்ன எண்ணைப் போட்டேன் என்று எனக்குத் தெரியும்.

திரையையும் மாற்றினோம். எண்ணுக்குக் கீழே "8 நிமிடம் முன்பு" என்று அதன் வயது தெரியும். இருபது நிமிடத்தைத் தாண்டினால் எண் மறைந்து, அந்த இடத்தில் சிவப்பில் "தகவல் இல்லை" என்று வரும். பயந்துவிடுவார்கள், எண்ணாவது இருக்கட்டும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஐப்பசியில் அக்காவிடமிருந்து மறுபடி போன்.

"தம்பி, தெக்கு வடிகால் செவப்பாயிருச்சு. குடையை எடுத்துக்கிட்டு போயிப் பாத்தேன். எருமை உரசி கம்பத்தைச் சாச்சுப் போட்டிருக்கு. வைக்கோல் பிரியால இழுத்துக் கட்டி நிமித்தி வச்சிருக்கேன்."

நான் இங்கே திரையைத் திறந்தேன். ஐம்பத்திரண்டு, கீழே, 1 நிமிடம் முன்பு.

"வந்திருச்சுக்கா."

"வந்திருச்சா? அப்ப நான் போயி வாமடையை அடைக்கிறேன்" என்று போனை வைத்தார்.