பி.இ. லேபிள் ஆன்டிபாடி வாங்குகிறவர்களுக்கு: வயலை (சிறு குப்பியை) யாரும் ஃப்ரீசரில் வைக்க விடாதீர்கள்

முதலில் வந்த வயல் கெட்டுப்போனதால் கேட்ட மாற்று வயல் ஒருவழியாக வந்து சேர்ந்து, நேற்று ஜுர்காட் செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் ரத்தப் புற்றுச் செல்) போட்டு ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்த்தேன். பீக் பளிச்சென்று வலது பக்கம் நகர்ந்து நின்றது, அதாவது செல்கள் நன்றாக ஒளிர்ந்தன. இத்தனை நாள் வீணாகப் போனதில் இன்னும் வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வேண்டியது செல்லின் மேல் இருக்கும் சிஎக்ஸ்சிஆர்4 ரிசெப்டருக்கான 12ஜி5 க்ளோன் (ஒரு குறிப்பிட்ட ஆன்டிபாடி), பி.இ. என்ற ஒளிரும் லேபிளோடு. கேட்டலாக் எண், க்ளோன், லேபிள் எல்லாம் எழுதித்தான் இன்டென்ட் (வாங்கித் தரக் கோரும் படிவம்) கொடுத்தேன். பர்ச்சேஸ் செக்‌ஷனில் மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். விலை குறைவாக வந்தது வேறொரு க்ளோன், அதுவும் எஃப்ஐடிசி என்ற வேறு ஒளிரும் லேபிள். "ரெண்டும் ஒரே ரிசெப்டருக்குத்தானேம்மா, இதை ஏன் எடுக்கக் கூடாது?" என்று கேட்டார் அங்கிருந்தவர். என் செல்களில் ஏற்கெனவே ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதம் இருக்கிறது, அதுவும் பச்சை, எஃப்ஐடிசியும் பச்சை, இரண்டும் ஒரே டிடெக்டரில்தான் போய் விழும் என்று சொன்னால் அவருக்கு அது விலை குறைந்ததை வாங்காமல் இருக்கச் சொல்லும் சாக்காகத்தான் பட்டது. ஃபைல் மேஜையிலேயே கிடந்தது. கடைசியில் வேலையை முடித்தது ப்ரொப்ரைட்டரி சர்டிஃபிகேட். ஏன் இந்த க்ளோன், ஏன் இந்த லேபிள், வேறு எதுவும் ஏன் ஆகாது என்று கைடு கையெழுத்தோடு ஒரு பக்கம். இதை இன்டென்ட் கொடுக்கும்போதே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் வெளிநாட்டிலிருந்து வர வழக்கமான காத்திருப்பு. வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். டிஸ்ட்ரிபியூட்டரின் ஆள் எங்களுக்கு ஒரு போன்கூடச் செய்யாமல் கேட் செக்யூரிட்டியிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஸ்டோர்ஸில் இருந்த தம்பி, ஐஸ் பேக்கோடு வந்த பொருள் கெட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் மைனஸ் 20 ஃப்ரீசரில் வைத்து, திங்கள் காலை ஃப்ரிட்ஜுக்கு மாற்றி எங்களிடம் கொடுத்தார். இது எங்களுக்குத் தெரிந்தது ரொம்ப நாள் கழித்து.

பி.இ. என்பது சிவப்புப் பாசியிலிருந்து வரும் பெரிய புரதம், ஏறக்குறைய 240 கிலோடால்டன். எஃப்ஐடிசி மாதிரி சின்ன மூலக்கூறு இல்லை. உறைந்து உருகினால் புரதம் குலைந்து ஒளி போய்விடும். 2 முதல் 8 டிகிரியில் வை, உறைய விடாதே என்று வயலிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் வயலின் பொடி எழுத்தை ஸ்டோர்ஸில் யார் படிப்பார்கள்?

ஸ்டெயினிங்கில் சொல்ல ஒன்றுமில்லை, ஐஸில், இருட்டில் அரை மணி நேரம், இரண்டு வாஷ். ஆனால் எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்றுச் செல்லில் ஐசோடைப் கன்ட்ரோலும் (ரிசெப்டரைப் பிடிக்காத ஒப்பீட்டு ஆன்டிபாடி) ஸ்டெயினும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று. எல்லாருக்கும் சந்தேகம் செல்மேல்தான். செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கப் போடும் டிரிப்சின் ரிசெப்டரை வெட்டியிருக்கும் என்றார் ஒரு சீனியர், புரதத்தை வெட்டாத ஈடிடிஏ-வுக்கு மாறினோம். ரிசெப்டர் செல்லுக்குள்ளே போயிருக்கும் என்றார் இன்னொருவர், அதைத் தடுக்க பஃபரில் அசைடு சேர்த்து எல்லாவற்றையும் குளிரிலேயே செய்தோம். இரண்டும் நியாயமான சந்தேகங்கள்தான், இந்த செல்லில் சிஎக்ஸ்சிஆர்4-இன் பெரும்பகுதி உள்ளேயே கிடப்பதும் உண்டு. எதுவும் மாறவில்லை.

வழி காட்டியது காம்பென்சேஷன் பீட்ஸ். எலி ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துக்கொள்ளும் மணிகள் அவை, செல்லோடு சம்பந்தமே இல்லை. புது வயலைப் போட்டால் பீக் வெறும் பீட்ஸுக்குப் பக்கத்திலேயே மங்கிக் கிடந்தது. எங்கள் ஆய்வகத்தில் இருந்த பி.இ. லேபிளோடு உள்ள ஒரு பழைய சிடி4 ஆன்டிபாடியை அதே பீட்ஸில் போட்டேன், பீக் தாவி ஓடியது. அப்படியும் விடாமல், 12ஜி5 போட்ட ஜுர்காட் செல்மேல் ஏபிசி (APC) என்ற இன்னொரு ஒளிரும் லேபிள் உள்ள ஆன்டி-மவுஸ் செகண்டரி (எலி ஆன்டிபாடியில் ஒட்டும் இரண்டாவது ஆன்டிபாடி) போட்டேன். ஏபிசி சேனலில் பிரமாதமான சிக்னல்! ஆன்டிபாடி ரிசெப்டரில் ஒழுங்காக ஒட்டுகிறது, அதன்மேல் இருக்கும் பி.இ. மட்டும் செத்துவிட்டது. அன்றைக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

மாற்று வயல் கேட்டபோது, உங்கள் இடத்தில்தான் தப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று டிஸ்ட்ரிபியூட்டர் கைவிரித்தார். நல்லவேளையாக, முன்கூட்டிச் சொல்லி ஆய்வகத்தில்தான் டெலிவரி செய்ய வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் கைடு ஒரு வரி சேர்த்திருந்தார். கேட் ரெஜிஸ்டரில் வெள்ளிக்கிழமை என்ட்ரியை போட்டோ எடுத்து, பீட்ஸ் பிளாட்டுகளோடு (சைட்டோமீட்டர் வரைபடங்கள்) மெயில் போட்டோம். ஸ்டோர்ஸ் தம்பியும் நடந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்தார், அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

ஆர்டரில் அந்த ஒரு வரியை நீங்களும் சேருங்கள், திங்கள் முதல் புதன் வரை மட்டும் டெலிவரி என்றும் எழுதுங்கள். ஃப்ளோரசன்ட் வயல் எது வந்தாலும் பரிசோதனைக்கு முன்னால் ஒரு சொட்டு பீட்ஸில் போட்டு, அந்த பிளாட்டைத் தேதியோடு சேமித்து வையுங்கள். 12ஜி5 வாங்குகிறவர்கள் ப்ளெரிக்ஸாஃபோர் (சிஎக்ஸ்சிஆர்4-ஐத் தடுக்கும் மருந்து) கிடைத்தால் செல்லில் அதை முதலில் போட்டு, பிறகு ஸ்டெயின் செய்து பாருங்கள். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவதால் சிக்னல் இறங்க வேண்டும். நேற்று ஜுர்காட்டில் நன்றாகவே இறங்கியது, எம்டிஏ செல்களை நாளைக்கு ஓட்டுகிறேன்.