நாற்காலியில் கிடந்த பதினோரு துணிகள்

திருமணமாகி ஓராண்டு நிறைந்த ஓர் இளம் தம்பதி, தாங்கள் வாங்கியிருந்த இரண்டு படுக்கையறை வீட்டின் உள்ளமைப்பு வேலையை ஒப்படைக்க என்னிடம் வந்தபோது, கைப்பேசியில் சேர்த்துவைத்திருந்த நாற்பது ஐம்பது படங்களைக் காட்டினார்கள். எல்லாவற்றிலும் வெள்ளைச் சுவர், வெளிர் நிற மரம், மூலையில் ஒரு செடி. வீடு அமைதியாக இருக்க வேண்டும் என்பது மனைவியின் விருப்பம். நாளைக்கு எது மாறினாலும் எதையும் இடிக்காமல் சமாளிக்க முடிய வேண்டும் என்பது கணவருடையது. அந்தப் படங்கள் ஒன்றில்கூட ஒரு சார்ஜரோ கழற்றிப் போட்ட செருப்போ இல்லை என்பதை நான் சொல்லவில்லை; அவர்கள் அப்போது குடியிருந்த வாடகை வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

அந்த வீட்டின் படுக்கையறையில், யாரும் உட்காராத நாற்காலி ஒன்று இருந்தது. அதன் முதுகிலும் கைப்பிடிகளிலும் இருக்கையிலுமாகப் பதினோரு துணிகள் கிடந்தன. இருவரும் கூச்சத்தோடு அவற்றை அள்ளப் போனபோது தடுத்து, ஒவ்வொன்றும் எப்படி அங்கே வந்தது என்று விசாரித்தேன். பெரும்பாலானவை ஒரு தடவை உடுத்தியவை. துவைக்கப் போடும் அளவுக்கு அழுக்கில்லை, துவைத்து மடித்தவற்றோடு சேர்த்து வைக்கவும் மனம் வரவில்லை. ஆக, அந்தத் துணிகளுக்கு அந்த வீட்டில் இடமே ஒதுக்கப்படவில்லை, நாற்காலிதான் இடம் கொடுத்தது. இதைச் சோம்பல் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அலமாரி செய்தவர் யோசிக்காமல் விட்டது அது. புதிய வீட்டில், துணி அலமாரியின் உட்புற ஓரத்தில் 40 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கதவில்லாத ஒரு பகுதியை விட்டு, ஆளுக்கு மூன்று கொக்கிகள் அடித்தோம்; பக்கப்பலகை மறைப்பதால், வாசலிலிருந்து பார்ப்பவர் கண்ணில் அது படாது. சுவரின் நிறம் தரும் அமைதியைவிட, கையில் இருப்பதை யோசிக்காமல் வைப்பதற்கு ஓர் இடம் இருப்பது தரும் அமைதியே பெரிது என்பது என் எண்ணம்.

நிறத்தைப் பற்றி நாங்கள் அரை மணி நேரத்துக்கு மேல் பேசவில்லை. பேச வேண்டியிருந்தது ஒலியையும் ஒளியையும் பற்றித்தான். கணவர் விடியற்காலையில் எழுபவர். மனைவி நள்ளிரவுவரை வேலை செய்பவர். அறையின் நடுவில் ஒரே பளிச்சென்ற விளக்கு இருந்தால், ஒருவர் அதைப் போடும் ஒவ்வொரு முறையும் மற்றவர் தூக்கம் கெடும். ஆகவே கட்டிலின் இரு பக்கமும் தனித்தனிச் சுவிட்சோடு 2700 கெல்வின் மஞ்சள் ஒளி விளக்குகளையும், வாசலிலும் தலைமாட்டிலும் இயங்கும் இருவழிச் சுவிட்சையும் வைத்தோம். சமையலறைக்கும் எழுதும் மேசைக்கும் வெண்மை கூடிய 4000 கெல்வின் ஒளி. ஒரே அறையில் இந்த இரண்டையும் கலந்தால், காரணம் புரியாத ஓர் உறுத்தல் கண்ணில் இருந்துகொண்டே இருக்கும். ஒலியின் கதை வேறு. படங்களில் அவர்களைக் கவர்ந்த வெற்றுச் சுவரும் வழவழப்பான தரையும் பெரிய கண்ணாடிகளும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புபவை. அத்தகைய அறையில் ஒரு கரண்டி விழுந்தாலும் அதிர்வு அடங்க நேரமாகும். தடித்த திரைச்சீலையும் கம்பளமும் துணி உறை போட்ட சோபாவும் புத்தகங்கள் நிறைந்த அலமாரியும் சேர்ந்த பிறகுதான், கூடத்தில் இருவர் குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்ள முடிந்தது.

மாறக்கூடிய வீடு என்றதும் கணவர் எல்லா இடங்களிலும் நகரும் கதவுகளைக் கேட்டார். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1924இல் கட்டடக் கலைஞர் ரீட்வெல்ட் கட்டிய ஷ்ரோடர் வீட்டின் மேல்தளத்தில், தடுப்புகளை நகர்த்தி ஒரே கூடமாகவோ தனித்தனி அறைகளாகவோ ஆக்கிக்கொள்ள முடியும். அதை அவர் பார்த்து வைத்திருந்தார். எனக்கும் அந்த வீடு பிடிக்கும். ஆனால் நகரும் கதவில் இடுக்குகள் இருந்தே தீரும், அவற்றின் வழியே ஒலி கசியும். நாள் முழுவதும் தொலைபேசியில் பேசி வேலை செய்யும் ஒருவரின் அறைக்கு அது ஆகாது என்பதால், இரண்டாவது அறைக்குக் கீல் கதவையும் விளிம்பில் ரப்பர் பட்டையையும் வற்புறுத்தினேன். கூடத்துக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் மட்டும் நகரும் தடுப்பு வந்தது.

அந்த இரண்டாவது அறைக்கு இப்போதே ஒரு பெயர் சூட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அது அலுவலக அறையா, விருந்தினர் அறையா, குழந்தையின் அறையா என்பது அவர்களுக்கே இன்னும் தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. பின்னால் மாற்றுவதற்குச் சிரமமானவை சுவருக்குள் போகும் ஒயர்களும் தண்ணீர்க் குழாய்களும்தான். எனவே நான்கு சுவர்களிலும் பிளக் பாயிண்ட் வைத்துவிட்டு, சுவரோடு பதித்த மேசை, பதித்த கட்டில் எதுவும் வேண்டாமென்று முடிவெடுத்தோம். புத்தக அலமாரியின் பக்கப்பலகைகளில் 32 மில்லிமீட்டர் இடைவெளியில் 5 மில்லிமீட்டர் துளைகள் வரிசையாக இருக்கின்றன. தட்டைத் தாங்கும் ஆணியை எடுத்து வேறு துளையில் செருகினால் தட்டின் உயரம் மாறிவிடும்.

ஒரு தவறும் செய்தேன். காய் நறுக்குபவரின் முழங்கையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே சமையல் மேடை இருந்தால் முதுகு வளையாது. மனைவியின் உயரத்தை அளந்து 85 சென்டிமீட்டரில் மேடையைப் போட்டு முடித்த பிறகுதான், பெரும்பாலும் சமைப்பவர் அவரைவிட ஒரு சாண் உயரமான கணவர் என்பது தெரியவந்தது. நான் கேட்கவே இல்லை. இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் மனம் தானாக ஒன்றை எண்ணிக்கொண்டுவிட்டது. கல்லைப் பெயர்க்க அவர்கள் விரும்பாததால், மேடைமேல் வைத்து நறுக்க, கால்கள் பொருத்திய 8 சென்டிமீட்டர் உயரப் பலகை ஒன்றைச் செய்துகொடுத்தேன். இப்போது வேலையைத் தொடங்குமுன், வீட்டில் எதை யார் செய்கிறார்கள் என்று முதலில் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

நான்கு மாதம் கழித்துப் போனபோது, இரண்டாவது அறையின் மேசை எதிர்ச்சுவருக்கு நகர்ந்திருந்தது. இங்கெல்லாம் எதற்கு என்று கணவர் வாதிட்ட பிளக் பாயிண்டில்தான் அவருடைய மடிக்கணினி செருகப்பட்டிருந்தது. படுக்கையறை நாற்காலியில் ஒரே ஒரு சட்டை கிடந்தது. கொக்கிகள் நிறைந்துவிட்டன, ஆளுக்கு இன்னும் இரண்டு வேண்டும் என்றார் மனைவி.