விக்கல் வந்தால் ஸ்பூனைக் கீழே வையுங்கள்

எடை குறைக்க இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் சர்ஜரி முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் ஒரு டயட் சார்ட் கொடுப்பார்கள். முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, பிறகு குழைவானது, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு மேல் வழக்கமான சாப்பாடு. நாள் கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். உங்கள் சார்ட்டில் எழுதியிருப்பதே உங்களுக்குச் சட்டம். ஆனால் "போதும்" என்பது இனி உடம்பில் எந்த இடத்தில் தெரியும் என்பதைச் சார்ட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. தடுமாற்றம் பெரும்பாலும் அங்கேதான்.

இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும். சாப்பிடச் சாப்பிட விரிந்துகொடுக்கும் மேல்பகுதி போய்விட்டது. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரந்ததும் அங்கேதான் என்பதால், முதல் சில மாதங்களுக்குப் பசியே பலருக்குத் தெரியாது. முன்பு வயிறு மெல்ல நிறையும், நிதானமாக ஏப்பம் வரும், கை தானாக நிற்கும். இப்போது குழாய் விரியாது. அழுத்தம் சட்டென்று ஏறும், அதுவும் வயிற்றில் அல்ல, நெஞ்செலும்பின் கீழ் நுனியில். சிலருக்கு அதற்குச் சற்று முன்னால் ஒரு விக்கல் வரும். சிலருக்கு மூக்கு ஒழுகும், தும்மல் வரும், காரணமில்லாமல் ஒரு பெருமூச்சு வரும். உங்களுக்கு எது வருகிறது என்று முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிடுங்கள். அது வந்தபின் வைக்கும் ஒரே ஒரு வாய் போதும்: வலி, வாய் நிறைய நுரைத்த எச்சில், கடைசியில் வாந்தி.

திரவ நாட்களில் வேலை ஒன்றுதான்: உறிஞ்சிக்கொண்டே இருப்பது. மருந்து பாட்டிலோடு வரும் சின்ன மூடிக் கப்பில் 30 மில்லி ஊற்றி, அதைக் கால் மணி நேரத்துக்கு வைத்துக் குடியுங்கள். மணிக்கு 120 மில்லி; விழித்திருக்கும் 13 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் தாண்டிவிடும். பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப், உப்புக் குறைவான நீர்மோர், பால் எல்லாம் கணக்கில் சேரும். டம்ளரை அண்ணாந்து மடக்மடக்கென்று குடிக்கும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட வேண்டும். ஸ்ட்ராவும் வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போகும்.

மசித்த உணவுக்கு வந்ததும் குழந்தைக்கு ஊட்டும் ஸ்பூனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய்க்கு அரை ஸ்பூன். வாயில் கூழாகும்வரை 20, 30 தடவை மென்று, விழுங்கியபின் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த வாய்க்குக் காத்திருங்கள். ஒரு வேளைக்கு 20 நிமிடம், அதிகபட்சம் 30. அரை மணி தாண்டியும் தட்டில் இருந்தால் எடுத்து மூடி வையுங்கள். அதற்குமேல் உட்கார்ந்தால் முதலில் போனது கீழே இறங்கி இடம் விடும், நாள் முழுக்கக் கொறித்த கணக்காகிவிடும்.

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரோட்டீன் என்பார்கள். நம் சமையலில் அது சுலபமில்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம், 200 மில்லி பாலில் ஆறேழு, ஒரு இட்லியில் இரண்டுகூடத் தேறாது. அதனால் முதல் வாய் எப்போதும் முட்டை, மீன், பனீர், கெட்டிப் பருப்பு, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர். காயும் சோறும் இடம் மிஞ்சினால்தான். முதல் சில மாதம் பவுடர் இல்லாமல் கணக்கு நிரம்பாது, அதில் கௌரவம் பார்க்க வேண்டாம். குழைவான உணவு நாட்களுக்குக் காரம் குறைத்த சுறாப்புட்டை மிஞ்ச ஆளில்லை: உதிர்ந்திருக்கும், ஈரமிருக்கும், புரோட்டீனும் இருக்கும்.

அடைத்துக்கொள்ளும் பொருட்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். ஃபிரிட்ஜில் வைத்துச் சுடவைத்த சிக்கன், குறிப்பாக நெஞ்சுக்கறி, பிரெட், சப்பாத்தி, முருங்கைச் சக்கை, உதிரிச் சோறு. அடைத்தால் உடனே தண்ணீரைத் தேடுவதுதான் பெரிய தப்பு. தண்ணீர் அடைப்பின் மேலே நின்று அழுத்தத்தைக் கூட்டும். எழுந்து மெல்ல நடங்கள், ஊறும் எச்சிலைத் துப்புங்கள், இறங்கியபின் அந்த வேளையை அதோடு விட்டுவிடுங்கள்.

"சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணி கழித்துக் குடியுங்கள்" என்று எல்லாச் சார்ட்டிலும் இருக்கும். டம்ளர் தண்ணீரை ஒதுக்கிவிட்டு ரசம் சாதத்தைக் கரைத்துச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். ரசமும் தண்ணீர்தான். சாம்பாரில் மிதக்கும் இட்லியும் அப்படித்தான். திடமான உணவு குழாயில் சற்று நேரம் தங்கினால்தான் நிறைவு தெரியும். தண்ணியாய் இருந்தால் நின்று பேசாமல் இறங்கிவிடும், ஒரு மணி நேரத்தில் மறுபடி வாய் தேடும். குழம்பைக் கெட்டியாக வையுங்கள், ரசத்தைத் தனியாக, தனி நேரத்தில் குடியுங்கள்.

இதே கணக்கில் முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ஐஸ்கிரீம். மீன் துண்டு மூன்றாவது வாயிலேயே "போதும்" சொல்லும். முறுக்கு வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கும், எச்சரிக்கையே வராது. அடைக்கிற உணவுக்குப் பயப்படுகிறோம். எடையைத் திருப்பிக் கொண்டுவருவது அடைக்காத உணவு.

பசி மாதிரி ஒன்று காலையில் வயிற்றில் கடகடக்கும். ஸ்லீவுக்குப்பின் பலருக்கு அது அமிலம். இரண்டு வாய் சாப்பிட்டும் அடங்காமல் எரிச்சலாக மேலேறினால் பசி இல்லை. அமிலத்தைக் குறைக்க டாக்டர் தந்த மாத்திரையைச் சொந்தமாக நிறுத்தாதீர்கள்.

எடை குறைக்கும் இன்னொரு சர்ஜரியான இரைப்பை பைபாஸ் (இதய பைபாஸ் அல்ல) செய்தவர்களுக்கு மிஞ்சும் இரைப்பைப் பை இன்னும் சிறிது, தொடக்கத்தில் 30 மில்லி அளவுதான். இனிப்பு நேராகச் சிறுகுடலுக்குப் போவதால் 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கி நடுக்கமும் வரலாம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இவர்களுக்கு ஆகாது, பையும் சிறுகுடலும் இணையும் இடத்தில் புண் வரலாம். கைவலிக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிப் போடுவதற்கு முன் கேளுங்கள்.

இரண்டில் எந்தச் சர்ஜரி ஆனாலும் சத்து மாத்திரை ஆயுளுக்கும். கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் ஏறாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புக்கு மேல் காபி, டீயும் கூடாது.

இரண்டு மூன்று நாள் விடாமல் வாந்தி என்றால் "அதிகம் சாப்பிட்டுவிட்டேன்" என்று வீட்டில் படுத்திருக்காதீர்கள். உடம்பில் தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் போட வேண்டும். எடைக் குறைப்பு சர்ஜரி ஆனவர் என்று டியூட்டி டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். முதல் வாரங்களில் காய்ச்சல், சும்மா இருக்கும்போதே நாடி 120க்கு மேல், இடது தோளில் வலி, வயிற்றில் கடும் வலி, இவற்றில் எது வந்தாலும் காலை வரை பொறுக்காமல் போக வேண்டும். தையலில் கசிவு இருக்கலாம்.

ஆறு மாதம், ஒரு வருடம் போனபின் ஒரு கப் அளவு சாப்பிட முடியும். "குழாய் விரிந்துவிட்டது" என்று அப்போது பலர் பதறுவார்கள். வீக்கம் வடிந்து இரைப்பை இளகுவதால் வருவது அது. அப்போது கண்ணால் அளக்காமல், சின்னத் தட்டில் எடை போட்டு வையுங்கள்.

கல்யாணப் பந்திக்குப் போவதும் அப்போதுதான் தொடங்கும். சாதம் விழும்வரை காத்திருக்க வேண்டாம். கெட்டிப் பருப்பு, கூட்டு, தயிர்ப் பச்சடி வரும்போது ஒவ்வொரு ஸ்பூன் வாங்கி அங்கேயே தொடங்குங்கள். இலையில் கைவைத்து மறைத்தாலும் பரிமாறுகிறவர் ஒரு கரண்டி வைத்துவிட்டுத்தான் போவார். "கொஞ்சமா வைங்க" என்றால் நம் ஊரில் அது வேண்டும் என்று பொருள். "வயிற்றில் ஆபரேஷன் ஆயிருக்கு" என்ற ஒரு வாக்கியம் போதும், கரண்டி அடுத்த இலைக்கு நகர்ந்துவிடும். பாயசக் கப்பைப் பக்கத்து இலைக்காரர் பக்கம் தள்ளிவிடுங்கள், எழும்வரை தண்ணீர் பாட்டிலைத் திறக்காதீர்கள்.